கழித்த பின்

ஒரே வானத்தின் இரண்டு படங்கள்.
ஒன்று, ஹீலியம் எரியும் நிறத்தில்.
மற்றது, அதற்கு விரற்கடை தள்ளி.
ஒன்றிலிருந்து ஒன்றைக் கழிக்கிறேன்.
இரண்டிலும் ஒரேமாதிரி இருந்தவை எல்லாம்
லட்சக்கணக்கில்
வாய்பேசாமல் போய்விடுகின்றன.
சாம்பல் திரையில்
மிளகு சிந்தியதுபோல் கொஞ்சம் மிஞ்சுகிறது.
அந்தக் கொஞ்சத்துக்குத்தான் எனக்குச் சம்பளம்.

ஒலுவில். ராத்தா வீட்டுப் பின்னறை.
நெல் மூட்டைகளுக்கும் தையல் மெஷினுக்கும் நடுவே
என் மேசை.
படங்கள் சிலியிலிருந்து வருகின்றன,
மழை தெரியாத ஒரு மலையிலிருந்து.
இங்கே மார்கழி.
கூரைத் தகரத்தில் மூன்று நாளாக ஒரே பேச்சு.

மிஞ்சியதிலும் பொய் உண்டு.
பதினேழு: கமெராவில் ஒரு செத்த புள்ளி.
இருபத்திரண்டு: பக்கத்து வெளிச்சத்தின் எதிரொளி.
முப்பது: அண்டக் கதிரொன்று
போகிற போக்கில் கீறிவிட்டது.
வெட்டினேன்.

உண்மையானவை வேறு சாதி.
சூரியன்கள் இருபதை ஒன்றாய்ப் பிசைந்த எடை,
பத்து மடங்கு சூடு.
போர்த்தியிருந்த ஐதரசனை எல்லாம்
தாங்களே விசிறி எறிந்தவை.
செக்கனுக்கு இரண்டாயிரம் கிலோமீற்றர், அந்தக் காற்று.
எழுபத்தெட்டுச் சூறாவளியை
வாப்பா இன்னும் கையை விரித்து
அளந்துகொண்டிருக்கிறார்.
அவருக்கு இந்த எண்ணை நான் சொல்லவில்லை.

உரிந்த இடத்தில் நைதரசன் தெரிந்தால் ஒரு வகை.
இன்னும் உரிந்து காபன் தெரிந்தால் மறுவகை.
"வெங்காயம் மாதிரியா?" என்றாள் ராத்தா.
உள்ளே போகப்போகச் சுடும் வெங்காயம் என்றேன்.
"நீ எப்ப வெங்காயம் உரிச்ச?" என்றாள்.

பட்டியலில் எட்டு நிரல்கள்.
இடம், ஒளிர்வு, வகை, கோட்டின் அகலம்,
கடைசியில் குறிப்பு.
'இப்போது' என்று ஒரு நிரல் இல்லை.
இந்த வெளிச்சம் புறப்பட்டு
ஒரு லட்சத்து அறுபதினாயிரம் வருடம்.
இவற்றின் மிச்ச ஆயுளும் ஏறக்குறைய அவ்வளவுதான்.
எத்தனை வெடித்து முடிந்தன என்று கேட்டேன்.
பேராசிரியர் ஒரு வரியில் பதில் போட்டார்:
தெரிகிறதை எழுது.

மாசியில் வானம் வெளித்தது.
ஐப்பசியிலிருந்து எண்ணுகிறேன்,
அந்த வீட்டை ஒருநாளும் கண்ணால் கண்டதில்லை.
இஷாவுக்குப் பிறகு கடற்கரைக்குப் போனோம்,
நானும் சின்னக்காக்கா றஸ்மினும்.
மண் மூடிய துறைமுகத்துக்குத் தெற்கே
பாலமுனை வெளிச்சங்களுக்கு மேலே
முக்கால் சாண் உயரத்தில்
கண்ணாடியில் துடைக்கத் தவறிய விரல் அடையாளம்.
நேரே பார்த்தால் இல்லை.
கொஞ்சம் விலகிப் பார்த்தால் இருந்தது.

காக்கா சாரத்தை மடித்துக் கட்டினார்.
"இதையா பார்க்க வந்த? இது மேகம்.
ஆழ்கடல்ல எங்களுக்கு ராவெல்லாம் இதுதான்.
எவ்வளவு காத்து அடிச்சாலும் கலையாது.
மழையும் தராது."
ஒரு மாதம் கரை காணாமல் போய்வருகிறவர்.
சொல்ல வந்ததை விழுங்கினேன்.
புத்தகத்திலும் அதன் பெயர் மேகம்தான்.

"எத்தின எண்ணிட்டாய்?"
அறுபத்திரண்டு.
"இவ்வளவு நாளாவா?
நாங்க மீன எண்ணுறல்ல, புள்ள. நிறுக்கிறது."

வீட்டில் கரண்ட் இல்லை.
மடிக்கணினியில் பதினொரு வீதம்.
அறுபத்துமூன்றாவதின் கோடு அகலம்தான்.
உயரம் போதாது,
இரைச்சலுக்கு மேலே ஒரு மயிரிழை.
விதிப்படி வெட்ட வேண்டும்.

குறிப்பு நிரலில் எழுதினேன்:
காற்று அடிக்கிறது. கலையவில்லை.

பேராசிரியர் இதை அழித்துவிடுவார்.
பத்து வீதம்.
அறுபத்துநான்கு.